இரண்டாவது பொட்டலம்

பால்காரர் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால், அவருடைய சைக்கிள் எந்த லாரியில் மாட்டியிருக்குமோ என்று யோசிக்கிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நிகழ்தகவு நடத்தும்போது நாணயத்தைச் சுண்டிக் காட்டி, தலையோ பூவோ எது விழுந்தாலும் அதில் மாயம் ஒன்றுமில்லை என்று பிள்ளைகளுக்குச் சத்தமாகச் சொல்வேன். அதே நான், காலையில் வாசல்படி தாண்டும்போது பல்லி ஆகாத திசையில் கத்தினால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவேன். இதனால் எத்தனையோ நாள் உடுமலைப்பேட்டை பஸ்ஸை விட்டிருக்கிறேன். ஏன் தாமதம் என்று தலைமையாசிரியை கேட்கும்போது ஒருமுறைகூட உண்மையைச் சொன்னதில்லை.

விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளிடம், இத்தனை நாளில் என்ன கற்றுக்கொண்டாய் என்று ஒரு பக்கம் எழுதி வாங்குவது எங்கள் பள்ளித் தமிழாசிரியரின் வழக்கம். போன தைப் பொங்கலுக்கும் இந்தத் தைப் பொங்கலுக்கும் நடுவில் எனக்கு ஒரு வருடப் பாடம் நடந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் அடங்குமா தெரியவில்லை.

போன பொங்கலன்று காலையில் டி.வி.யில் படம் தெளிவாக விழவில்லை. ஆன்டெனாவைத் திருப்புகிறேன் என்று என் வீட்டுக்காரர் மாடிக்கு ஏறினார். "இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா" என்ற கேள்வி மேலே இருந்து வரும் என்று நான் டி.வி.க்கு முன்னால் காத்துக்கொண்டு நின்றேன். கேள்வி வரவே இல்லை. போய்ப் பார்த்தால் பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு கறுத்திருந்தது.

"சித்தே இரு அம்மணி. மூச்சு வாங்குது. பொங்கல எச்சாத் தின்னுபோட்டனாட்ட இருக்குது."

அவர் அப்போது பொங்கல் தின்றிருக்கவே இல்லை. அடுப்பில் பால் பொங்கி முடித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அவருக்குத் தேங்காய் வியாபாரம். ஊருக்கு வெளியே களம் வைத்திருக்கிறார். தோப்புக்காரர்களிடம் காய் வாங்கி, மட்டை உரித்து, உடைத்து, வெயிலில் காயவைத்துக் கொப்பரையாக விற்பது தொழில். ஒரு காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தே உள்ளே நல்லதா அழுகலா என்று சொல்லிவிடுவார். கோயமுத்தூரில் பெரிய டாக்டர் அவருடைய நெஞ்சில் குழலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது, இவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "என்னை ஆட்டிப் பாக்கறாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கி வைத்துவிட்டது, அது இத்தனை வருடம் கழித்து இப்போது காட்டிக்கொடுக்கிறது என்றார் டாக்டர். நெஞ்சைத் திறந்து பழைய வால்வை எடுத்துவிட்டு உலோகத்தால் ஆன புதிது ஒன்றை வைக்கவேண்டும். கோடை முடிவதற்குள் செய்துவிட்டால் நல்லது. தள்ளிப்போட்டால் ஒருநாள் மூச்சு நின்றுபோகலாம். நான் கணக்கு டீச்சர் அல்லவா, பிழைப்பது எத்தனை சதவிகிதம் என்று கேட்டேன்.

"ஒரு நம்பர் சொல்லலாமுங்க டீச்சர்," என்றார் அவர். "ஆனா உங்க ஊட்டுக்காரருக்கு அது ஒண்ணு நூறு, இல்லாட்டி சைபருங்க."

இவ்வளவு மரியாதையாக ஒருவர் என்னைப் பயமுறுத்தியது அதுதான் முதல் தடவை.

ஊர் திரும்ப உக்கடத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தோம். பஸ் கிளம்பிக் குளம் ஜன்னலில் வந்தபோது அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கோயிலுக்குப் போயி பூக்கேட்டுப் பாத்துரலாம். சாமி செய்யச் சொன்னாச் செஞ்சுக்கலாம். வேண்டாம்னா உட்டுரலாம்."

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, நிலம் வாங்குவதோ, மனசு தீர்மானிக்க முடியாத எதையும் குலதெய்வத்திடம் கொண்டுபோவார்கள். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூவும், இன்னொன்றில் சிவப்புப் பூவும் வைத்து, வெளியே தெரியாமல் ஒன்றுபோலப் பொட்டலம் கட்டித் தட்டில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று அதில் ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள். டாக்டரே நேரில் வந்து நின்றாலும் பேச்சு எடுபடாது.

எங்களுக்குக் கல்யாணமான ஐந்தாம் வருடம், குழந்தை பிறக்குமா என்று இதே சாமியிடம் பூக்கேட்டோம். வெள்ளை வந்தது. குழந்தை வரவில்லை. அதை அவர் சாமிமேல் குறையாக ஒருநாளும் சொன்னதில்லை. நான் வெளியில் சொன்னதில்லை. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவர் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருக்குக் காபி போடுவேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். கிணத்துக்கடவு வரும்வரை அந்த ஒரு யோசனைதான்.

பூக்கேட்பதற்குச் சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால், அடுத்த வருடப் பத்தாம் வகுப்புக்கு நடத்தும் கோடைச் சிறப்பு வகுப்பில் கரும்பலகையில் ஒன்றின் கீழ் இரண்டு என்று எழுதினேன். இரண்டு வாய்ப்பு, அதில் ஒன்று. எழுதிய கை அங்கேயே நின்றுவிட்டது. நாணயத்துக்கு இது சரி. என் வீட்டுக்காரருடைய உயிரையும் இப்படிப் பாதிக்குப் பாதி தட்டில் வைக்கப் போகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. "டீச்சர், டீச்சர்" என்று முதல் பெஞ்சுப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வெள்ளியன்று கோயிலில் நாங்கள் இருவரும், அவருடைய அக்காவும், பூசாரியும் அவருடைய ஐந்து வயது மகளும்தான். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். நங்கையா முன்வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். பொட்டலம் கட்டும் வேலை என்னிடம் வந்தது. நந்தியாவட்டையும் சிவப்பு அரளியும், இரண்டு இலைத் துண்டுகளும், வாழைநாரும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் போய் உட்கார்ந்தேன்.

முன்கூட்டித் திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அப்படி இல்லை. முதல் இலையில் நந்தியாவட்டையை வைத்து மடித்து, நான் எப்போதும் போடுகிற மாதிரி மூன்று முடிச்சுப் போட்டேன். இரண்டாவது இலையை விரித்தேன். அரளியை எடுத்த விரல் அதை இலையில் வைக்கமாட்டேன் என்றது. அதிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். அரளியை முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பல்லி கத்தினால் பஸ் ஏறாதவள், குலதெய்வத்தின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இதைச் செய்தேன். இரண்டு பொட்டலங்களையும் தட்டில் வைத்து முன்பக்கம் கொண்டுவந்தேன்.

குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை. நங்கையா அங்கேயே அழுதுவிட்டார். அந்தப் பூவை எடுத்து என் தலையில் வைத்து, "சாமி சொல்லிருச்சு கண்ணு, இனிப் பயமில்லை" என்றார். எல்லோரும் தரையில் விழுந்து கும்பிட்டோம். விழுந்து கிடந்தபோது என் மனதில் சாமி இல்லை. எழுந்ததும் தட்டில் இருக்கும் இன்னொரு பொட்டலத்தைக் கையில் எடுத்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்புதான்.

எழுந்து பார்த்தேன். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பொட்டலம் இல்லை.

அன்றிலிருந்து அறுவை சிகிச்சை நாள்வரை நான் பட்டதை இன்ன மாதிரி என்று சொல்லத் தெரியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாயைத் திறக்க முடியாமல் திரிந்தேன். யார் எடுத்தது? பூசாரி எடுத்துப் பிரித்திருந்தால்? நங்கையா பார்த்திருந்தால்? சேதி அவர் காதுக்குப் போனால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லிவிடுவார். நங்கையா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவருடைய முகத்தைப் பரீட்சைத் தாள் மாதிரி உற்றுப் பார்த்தேன். ஒருமுறை, "ஏனம்மணி, என்ற மூஞ்சீல என்ன ஒட்டியிருக்குது?" என்றே கேட்டுவிட்டார்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் பள்ளிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுத் தனியாகக் கோயிலுக்குப் போனேன். பூசாரி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் என்ன கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். கேட்கும்போது எல்லாம் குளறியது.

"இன்னொரு பொட்டணமுங்களா டீச்சர்? நான் பாக்கலீங்களே. எடுக்காத பொட்டணத்த நாங்க பிரிக்கறதில்லீங்க. குப்பையோட குப்பையாக் கூட்டிப் போட்டிருப்பமுங்க."

சரி என்று திரும்பினேன். நாலு எட்டு வைத்ததும், இவர் மரியாதைக்காகப் பொய் சொல்கிறாரோ என்று சந்தேகம் வந்தது. எங்கள் ஊரில் ஒருவர் உண்மையைச் சொல்கிறாரா, மனசு நோகக்கூடாது என்று பேசுகிறாரா என்று கண்டுபிடிக்கத் தனியாக ஒரு சூத்திரம் வேண்டும். கோயிலின் குப்பைமேட்டைச் சுற்றி, கணக்கு டீச்சராகிய நான், குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதை யாரிடமும் சொல்லமுடியாது. நேர்மையாகக் கேட்டிருந்தால் சாமி சிவப்பைக் கொடுத்திருக்குமோ? இவருக்கு ஆஸ்பத்திரியில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், கத்தி டாக்டர் கையில் இருந்தாலும் அவரைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது நான். சோறு வடிக்கும்போது, விடைத்தாள் திருத்தும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, இதே யோசனை வந்து வந்து இடித்தது. வைகாசியில் என் எடை குறைந்து ஜாக்கெட் எல்லாம் தொளதொள என்றானது.

அவரோ அந்த நாட்களில் ஆச்சரியமாக அமைதியாக இருந்தார். களத்து வேலைகளை ஒழுங்கு செய்தார். என்னைக் கூட்டிப்போய், கொப்பரையை ஒடித்துப் பார்த்து ஈரம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். "எதுக்குங்க இதெல்லாம் எனக்கு?" என்று எரிந்து விழுந்தேன். "தெரிஞ்சு வெச்சுக்க அம்மணி, கெட்டா போகும்" என்றார். வெள்ளைப் பூ கொடுத்த தைரியத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். அந்தத் தைரியம் என்னுடைய பொய்யில் நிற்கிறது என்ற நினைப்பு ஒவ்வொரு தடவையும் குத்தியது.

ஆனி மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். களத்தில் மட்டை உரிக்கிற நாலு பேர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வாழ்நாளில் ஊசியே போடாத ஒருவர், "என்ற ரத்தம் எளநியாட்டங்க, மொதலாளிக்கு எடுத்துக்கங்க" என்று கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலை எட்டு மணிக்கு என் வீட்டுக்காரரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். கதவுக்கு முன்னால் வண்டி ஒரு நிமிடம் நின்றது. அவர் என் கையைப் பிடித்து, "பயப்படாத. வாரேன்" என்றார். எங்கள் பக்கம் போகும்போது வாரேன் என்றுதான் சொல்வது. எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை. அன்றைக்கு அதைக் கேட்டுவிட்டு, கதவு மூடியபிறகும் அங்கேயே நின்றேன்.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தாள். அவருடைய வாட்ச், மோதிரம், சட்டை. சட்டையை மடிக்கும்போது அதன் பையில் ஏதோ தட்டுப்பட்டது. காலண்டர்த் தாளில் சின்னதாக மடித்த பொட்டலம். திருநீறு என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே காய்ந்து சுருண்ட வாழையிலை, மூன்று முடிச்சுப் போட்ட நார், பழுப்பேறிய நந்தியாவட்டைப் பூக்கள்.

முதல் பொட்டலத்துப் பூவை நங்கையா என் தலையில் வைத்தார். அது அன்று சாயங்காலமே வாடி உதிர்ந்துவிட்டது. அப்படியானால் இது இரண்டாவது. நார் அறுந்திருந்தது. பிரித்துப் பார்த்திருக்கிறார். அதிலும் வெள்ளைதான் என்று பார்த்திருக்கிறார். இத்தனை நாளும் நான் கோயில் குப்பைமேட்டில் தேடியது அவருடைய சட்டைப் பைக்குள் எனக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்திருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நங்கையா, "கையில என்ன கண்ணு?" என்று கேட்டார்.

"திருநீறுங்க," என்றேன். பொய்க்குமேல் பொய்.

அந்தப் பெஞ்சில் ஐந்தரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சாமி சொல்லவில்லை, இவள்தான் சொல்கிறாள் என்று தெரிந்தே அந்தக் கதவுக்குள் போயிருக்கிறார். ஏன்? என்மேல் கோபமா? எப்படியோ போகட்டும் என்று வெறுத்துவிட்டாரா? கொப்பரை பார்க்கச் சொல்லிக்கொடுத்தது எதற்கு என்று அப்போது புரிந்தது. அவர் வெளியே வராவிட்டால் இந்த ஒரு கேள்வியை நான் யாரிடம் கேட்பேன்? கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றேன். பன்னிரண்டு தடவைக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். அதுவரை சாமியிடம் உயிர்ப்பிச்சை கேட்டுக்கொண்டிருந்தவள், கடைசியில், ஒரே ஒரு பதில் சொல்கிற அளவுக்காவது இவருக்கு மூச்சைக் கொடு என்று பேரம் பேசத் தொடங்கினேன்.

ஒன்றரை மணிக்கு டாக்டர் வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். நங்கையா அவருடைய காலைத் தொடப் போனார். நான் பொட்டலத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து அழுதேன்.

வீட்டுக்கு வந்தபிறகும் உடனே கேட்கவில்லை. அவர் அதிர்ந்து பேசக்கூடாது, மாத்திரை வேளை தவறக்கூடாது, அந்த மாத்திரையால் ஒரு சிராய்ப்பு வந்தாலும் ரத்தம் நிற்காது. கவலைப்பட எனக்குப் புதிது புதிதாக விஷயங்கள் கிடைத்தன. புது வால்வு சத்தம் போடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீடு அமைதியாக இருந்தால் அவருடைய நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று கைக்கடிகாரம் மாதிரி கேட்கும். நான் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். மிக்சி ஓடும்போது அது கேட்காது என்பதற்காகச் சட்டினியை அம்மியில் அரைத்த நாட்களும் உண்டு.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார். போய்ப் பொட்டலத்தை அவருடைய மடியில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். பழத்தை மென்று முடித்தார்.

"அன்னிக்கு எல்லாரும் கும்புட்டுட்டு இருக்கறப்ப நாந்தேன் எடுத்தேன். தப்பிச்சமே, அந்தச் செவப்ப ஒருக்காப் பாத்துரலாம்னு தோணுச்சு. களத்துக்குப் போயி பிரிச்சா, அதுலயும் வெள்ளை."

"அப்பறம் எதுக்குங்க ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"மொதல்ல கோவம்தான். உன்னையக் கூப்புட்டு ரெண்டு கேள்வி கேக்கோணும்னு இருந்துது. அப்பறம் யோசிச்சேன். பல்லி கத்துனா பஸ் ஏறமாட்டே. சாமி படத்துல பூ கீழ உளுந்தா நாள் முச்சூடும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவே. அப்பேர்ப்பட்டவ சாமி முன்னால இப்படிச் செஞ்சிருக்கறான்னா, ஆப்பரேசன் செய்யாட்டி நான் செத்துப்போயிருவேன்னு அவளுக்கு எத்தன பயம் இருந்திருக்கோணும்? டாக்டர் சொன்னப்பக்கூட என்ற உசுரு போயிருமின்னு நான் நம்பல அம்மணி. அந்தப் பூவப் பாத்துத்தான் நம்புனேன்."

எனக்கு ஆத்திரம் பொங்கிவந்தது. "நான் குப்பைமேட்டக் கிளறிட்டுத் திரிஞ்சனே, தெரியுமுங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதுங்களா?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பே? ஐயோ மாட்டிக்கிட்டனே, சாமிகுத்தம் ஆயிப்போச்சே, ஆப்பரேசனே வேண்டாமுன்னு சொல்லியிருப்பே. சொல்லியிருப்பியா, மாட்டியா?"

சொல்லியிருப்பேன். அது எனக்கு நூற்றுக்கு நூறு தெரியும். அவர் பயந்து பின்வாங்கிவிடுவார் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். நான் பின்வாங்கிவிடுவேன் என்று அவரும் அதையே செய்தார். ஒரே வீட்டில், ஒரே அடுப்புச் சோற்றைத் தின்றுகொண்டு, இரண்டு மாதத்துக்குமேல் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தோம்.

இந்த வருடத்துப் பாடம் இதுதான் என்று தமிழாசிரியருக்கு எழுதிக் கொடுத்தால், பாதி மதிப்பெண்தான் போடுவார். பயப்படாதே என்றுதான் பாடம் முடியவேண்டும். எனக்குப் பயம் போகவில்லை. பால்காரர் இன்று காலையும் தாமதமாக வந்தார், நானும் லாரியைத்தான் நினைத்தேன். ஆனால் இப்போது நினைத்ததை வாய்விட்டு அவரிடம் சொல்லிவிடுகிறேன். "செயின் கழண்டிருக்கும், உடு" என்பார்.

வருகிற தை வெள்ளியில் கோயிலுக்குப் போய், செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பூக்கேட்காமல் நாங்களாகவே எடுத்த முடிவு. நங்கையாவிடம் இதை யார் சொல்வது என்பதில்தான் இன்னும் தகராறு. சாமி மன்னித்துவிடும், நங்கையா மன்னிக்கமாட்டார்.

அந்த ஐப்பசி ஞாயிறு மத்தியானம் பேச்சு முடிந்ததும் அவர் பொட்டலத்தை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. பழையபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தூக்கிப் போட்டுடுங்க. எதுக்குங்க அது?"

"இருக்கட்டும். என்ற பெண்டாட்டி எனக்காகச் சாமிகிட்டயே பொய் சொன்னதுக்கு அத்தாட்சி இது ஒண்ணுதான?"

மழை நின்றிருந்தது. அந்தப் பைக்கு அடியில் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய்க் காபி போட்டேன், இரண்டு டம்ளர்.